மாடிப்படிக்குக் கீழே ஒரு தபால்

காஜாக்கா துணி மூட்டையோடு ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், தவணை கட்டாத வீடு அதுதான் என்று தெருவுக்கே தெரிந்துவிடும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க மாட்டார். "நல்லாயிருக்கீங்களா? சின்னவளுக்கு இருமல் நின்னுச்சா?" என்று விசாரிப்பார். சுவரோரமாக உட்கார்ந்து மடியில் ஒரு சட்டையை விரித்து வேலையைத் தொடங்குவார். ஒரு சட்டை முடிவதற்குள் வீட்டுக்காரருக்கு வியர்த்துவிடும். இரண்டாவது சட்டையில் எழுந்துபோய் அலமாரியைத் திறப்பார்.

"அக்கா, நாளைக்குக் கட்டணும்னுதான் எடுத்து வச்சிருந்தேன். இந்தாங்க."

"எங்கிட்ட எதுக்குப்பா குடுக்கற? சங்கத்துல கட்டு" என்று சொல்லிவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

தையற்கடைகளுக்குச் சட்டையின் பட்டன் துளைகளைக் கையால் கட்டித் தருவது அவருடைய தொழில். அந்தத் துளைக்குத்தான் காஜா என்று பெயர். பிளேடால் ஒரு கீறல், அதைச் சுற்றி நூலை நெருக்கி நெருக்கி ஒரு கட்டு. ஒரு சட்டைக்கு ஏழு. எங்கள் பகுதியில் இருந்த நான்கு தையற்கடைகளுக்கும் அவர்தான். அவருக்குப் பிறவியிலேயே இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் நாளைக்குப் பதினைந்து சட்டை முடித்தார், மகளை வளர்த்தார், வாடகை கொடுத்தார். புருஷன் வேலை தேடிப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், தேடிக்கொண்டே இருக்கிறார் போல. "கெடைச்சா வந்து சொல்வாரு" என்று அக்காவே சிரித்துக்கொண்டு சொல்வார்.

நான் சங்கத்தின் செயலாளர். கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் என்று பலகை நீளமாக இருக்கும். சங்கம் என்னவோ அச்சகத்துக்கு மேல்மாடியில் ஒற்றை அறைதான். கீழே மிஷின் ஓடினால் என் மேசை நடுங்கும். என் கையெழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று இருபத்தாறு வருஷமாகச் சொல்லிவருகிறேன், ஒருவரும் நம்பவில்லை. உறுப்பினர்கள் முந்நூற்று நாற்பது பேர். மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் சேர்ப்பார்கள். சேர்ந்ததையே அவர்களுக்குள் தேவைப்பட்டவருக்குக் கடனாகத் தருவோம். வட்டியில் மிஞ்சுவதும் அவர்களுக்கே போகும்.

பெரிய பேங்கில் இவர்களுக்கு நாற்காலியெல்லாம் போடுவார்கள், குறை சொல்லக்கூடாது. உட்கார்ந்த பிறகு சம்பளச் சீட்டு கேட்பார்கள். எங்கள் மாடிப்படிக்குக் கீழே பெட்டி வைத்து இஸ்திரி போடுகிறவருக்குச் சம்பளச் சீட்டு யார் தருவது, துவைத்துப்போட்ட வேட்டியா? எங்களிடம் அதற்குப் பதில் ஜாமீன் உண்டு. உறுப்பினர் ஒருவர் கையெழுத்துப் போட்டு, "இவர் கட்டுவார், கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்" என்று சொன்னால் போதும். அப்படி வாங்கிய கடனில்தான் இஸ்திரிக்காரருக்கு இரண்டாவது பெட்டி வந்தது, சைக்கிள் கடைக்குக் கூரை வந்தது, மூன்று தெருப் பிள்ளைகள் காலேஜ் போனார்கள். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான்.

அந்த ஜாமீன் கையெழுத்துக்கு முந்நூற்று நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர் முதலில் போவது காஜாக்காவிடம்தான். அவர் உடனே போட்டுவிட மாட்டார். கேட்டவர் வீட்டுக்கே மூட்டையோடு போய் அரை நாள் உட்கார்ந்து காஜா எடுப்பார். புருஷன் பெண்டாட்டி எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், மளிகைக் கடைக்காரன் வாசலில் வந்து நிற்கிறானா, எல்லாம் அந்த ஒற்றைக் கண்ணில் பதிவாகிவிடும். பிறகு மாடியேறி வந்து கையெழுத்துப் போடுவார், அல்லது, "இப்ப வேணாம் சார், ஆறு மாசம் போகட்டும்" என்பார். அவர் போட்ட கையெழுத்தில் ஒரு கடன்கூட மூழ்கியதில்லை. ஒன்றுகூட இல்லை. நான் விசாரித்துக் கொடுத்தவற்றில் நான்கு மூழ்கியிருக்கின்றன.

தனக்கென்று அவர் கடன் கேட்டதே இல்லை. ஒருமுறை காரணம் கேட்டேன்.

"கடன் வாங்கினவ இன்னொருத்தர் வீட்ல போய் எப்படி சார் உட்கார முடியும்? மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சுடும்ல?"

இனி என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இஸ்திரிக்காரர் எனக்கு வைத்திருக்கும் பெயர் ரூல்தடி. ஆரம்பத்தில் நான் அப்படி இல்லை. ஒரு காலத்தில் அப்போதைய தலைவரின் மைத்துனருக்கு, தலைவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார் என்பதற்காக, ஜாமீன் இல்லாமல் பெரிய தொகையாகக் கொடுத்தேன். மைத்துனர் கம்பி நீட்டிவிட்டார். நான்கு மாதம் சங்கத்திலிருந்து யாரும் சேமிப்பை எடுக்க முடியவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி மாடிப்படியில் உட்கார்ந்து என்னை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அன்றைக்கு விதிப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தவன்தான். அதற்குப் பிறகு என்னைப் பெற்ற தாய் வந்து கேட்டிருந்தாலும் முதலில் புத்தகத்தைத்தான் புரட்டியிருப்பேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில் காஜாக்கா மூட்டை இல்லாமல் வந்தார். வெறுங்கையோடு அவரை அதுவரை பார்த்ததில்லை. நாற்காலியின் முதுகைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"சார், கண்ணுல ஏதோ கருப்பா இறங்குது. ஓரத்துல இருந்து திரை விழுற மாதிரி. காலையிலயே கண் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேன். உள்ள இருக்கற ஜவ்வு பிஞ்சிருக்காம். மூணு நாளைக்குள்ள ஆபரேஷன் பண்ணிட்டா பார்வையைக் காப்பாத்திடலாம்னாரு டாக்டர்."

"இலவச ஆஸ்பத்திரி?"

"அங்க முறை வர ஆறு வாரமாம். அதான் கடன் எழுதிக்கலாம்னு வந்தேன்."

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மேசைமேல் வைத்தார். அன்றைய தேதி இருந்தது. நான் விண்ணப்பத் தாளை எடுத்து நிரப்பினேன், சீட்டை அதோடு சேர்த்துக் குத்தினேன், பேரேட்டைப் புரட்டினேன். ஒரு உறுப்பினர் எவ்வளவு தொகைக்கு ஜாமீன் நிற்கலாம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவு நிரம்பிவிட்டால், ஏற்கெனவே நிற்கும் ஜாமீன் குறையும் வரை அவருக்குக் கடன் கிடையாது. காஜாக்கா அப்போது பதினோரு பேருக்கு நின்றுகொண்டிருந்தார். அளவு விளிம்பு வரை நிரம்பியிருந்தது. அதுவரை அவர் கடனே கேட்காததால் அவரும் இதை நினைத்துப் பார்க்கவில்லை, நானும் நினைத்துப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட கைக்குக் காசு தர விதியில் இடமில்லை.

நான் அதை எடுத்துச் சொன்னேன்.

"அப்ப அவங்கள்ல நாலஞ்சு பேரு வேற ஜாமீன் வச்சுக்கிட்டா சரியாயிடுமா?"

"ஆறு பேர் மாத்திக்கணும். இல்லன்னா பாக்கியைக் கட்டிடணும்."

"நானே போய்க் கேட்டா நல்லாயிருக்காது சார். கடனைக் கட்டுன்னு கழுத்துல துண்டைப் போடற மாதிரி ஆயிடும். ஆபீஸ்ல இருந்து நீங்க சொல்லிடுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்."

"நான் சொல்லிடறேன், நீங்க கவலைப்படாம போங்க" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை மனத்துக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லும்போது எனக்கு நல்ல எண்ணம்தான் இருந்தது. கடவுள் சத்தியமாக இருந்தது.

நான் என்ன செய்தேன் என்றால், விதிப் புத்தகத்தைத் திறந்தேன். ஜாமீன் மாற்றக் கோரும்போது கடன் வாங்கியவருக்கு எழுத்துமூலம் தெரிவித்து, பதில் தர ஏழு நாள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. காஜாக்காவின் கண் விஷயத்தையும் குறிப்பிட்டுப் பதினோரு கடிதம் எழுதினேன். நகல் எடுத்தேன். அனுப்புகைப் பதிவேட்டில் வரிசை எண் போட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் தபால்தலை ஒட்டி, தெருமுனைப் பெட்டியில் நானே கொண்டுபோய்ப் போட்டேன். போகும் வழியில் இஸ்திரிக்காரர், "என்ன சார், காலையிலயே காதல் கடிதமா?" என்று கிண்டலடித்தார். அவருக்கு எழுதிய கடிதமும் அந்தக் கட்டில்தான் இருந்தது. "உன் வேலையைப் பாருய்யா" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மூன்று நாள் என்று டாக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்று நினைத்தேன். ஏழு நாளில் பதில் வந்துவிடும், எட்டாவது நாள் கொடுத்துவிடலாம், கண் எங்கே ஓடிப்போகிறது என்றுகூட நினைத்தேன்.

புதன்கிழமை காஜாக்காவின் மகள் வேலைக்குப் போகிற வழியில் மாடியேறி வந்து கேட்டாள். "அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க. சொல்லிட்டீங்களா சார்?"

"கடிதம் போயிருக்கும்மா. பதில் வரட்டும்."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் மாடிப்படி அதிர்ந்தது. அச்சக மிஷின் என்று நினைத்தேன். இஸ்திரிக்காரர் இரண்டு இரண்டு படியாகத் தாவி வந்து நின்றார். கையில் என் கடிதம்.

"என்ன சார் இது?"

"கடிதம்."

"கடிதம்னு தெரியுது சார்! நான் எங்க இருக்கேன்? சொல்லுங்க, நான் எங்க இருக்கேன்?"

"கீழே."

"இந்தப் படிக்குக் கீழ இருக்கேன். இங்க இருந்து நீங்க இருமினா எனக்குக் கேக்குது. டீ சொல்றதுக்கு மட்டும் படியில நின்னு கத்தத் தெரியுதுல்ல? அக்காவுக்குக் கண்ணு போகுதுன்னு கத்த வாய் வரலையா? அதுக்கு ஸ்டாம்பு ஒட்டி, பெட்டியில போட்டு, ஊரெல்லாம் சுத்தி, நாலு நாள் கழிச்சு இந்தப் படிக்குக் கீழயே வந்து சேருது!"

கடிதத்தை என் மேசைமேல் வீசிவிட்டு இறங்கி ஓடினார்.

அதன் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் அந்த அறையில் நிற்க இடமில்லை. சைக்கிள் கடைக்காரர் கிரீஸ் கையோடு வந்து, மீதி மூன்று தவணையையும் மொத்தமாக மேசைமேல் வைத்தார். சலூன்காரர் பாதி முகத்தில் சோப்போடு இருந்த வாடிக்கையாளரையே அழைத்து வந்துவிட்டார். அவரும் உறுப்பினர்தான், "இவருக்கு நான் ஜாமீன், எங்க போடணும் சொல்லுங்க" என்றார். ஆறு பேர் போதும் என்றேன். பதினோரு வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டது. வர முடியாதவர்கள் பெண்டாட்டியை அனுப்பினார்கள். பேங்க் மூடிவிட்டதால் சங்கப் பணத்தை எடுக்க முடியாது என்றதும், ஜாமீனுக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் அடுத்த மாதச் சேமிப்பை இப்போதே கட்டுகிறோம் என்று வரிசையில் நின்றார்கள். ரசீதுப் புத்தகம் தீர்ந்து இன்னொன்று பிரித்தேன். மாலை ஐந்து மணிக்குள் ஆபரேஷனுக்கு வேண்டிய தொகை முழுவதும், எல்லாம் விதிப்படி, என் மேசைமேல் இருந்தது.

இவ்வளவும் திங்கட்கிழமையே நடந்திருக்கும். நான் எழுந்து பத்துப் படி இறங்கியிருந்தால் போதும்.

இஸ்திரிக்காரர் காஜாக்காவைக் கைபிடித்து அழைத்து வந்தார். கூட்டம் வழிவிட்டது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் விரலை நான் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

"சீக்கிரம் கிளம்புங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

"நேத்து மத்தியானத்துல இருந்து உங்க முகம் தெரியல சார். குரல்தான் கேக்குது" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

ஞாயிறு கழிந்து, மறு திங்கட்கிழமை ஆபரேஷன் நடந்தது. ஜவ்வு ஒட்டிக்கொண்டது, பார்வை திரும்பவில்லை. திரை முழுதாக இறங்குவதற்கு முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் மகளிடம் சொன்னாராம். வெளிச்சமும் நிழலும் தெரிகிறது. ஊசிக்கண் தெரிவதில்லை. நான்கு தையற்கடைக்காரர்களும் கொஞ்ச நாள் சட்டைகளை அவர் வீட்டிலேயே வைத்துக் காத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து, அழுதுகொண்டே எடுத்துப் போனார்கள். மகள் தூரத்து வேலையை விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருவில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். தவணை மட்டும் ஒரு மாதம்கூடத் தவறவில்லை. தெரியாத கண்ணுக்கு மாதாமாதம் பணம் கட்டினார் அந்த அம்மா. அதை வாங்கி ரசீது எழுதியது நான்.

இரண்டு மாதம் கழித்துப் பொதுக்கூட்டம் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. அவ்வளவு கூட்டம் அதற்கு முன் வந்ததில்லை. எல்லாரும் என்னை வெட்டிப்போடத்தான் வந்திருந்தார்கள். முன்வரிசையில் கூட்டுறவுத் துறை அதிகாரி மடியில் ஒரு ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் போன்ற சின்னச் சங்கங்களை எல்லாம் பெரிய பேங்கோடு சேர்த்துவிட வேண்டும் என்று மேலிடத்தில் பேச்சு. நிர்வாகம் சரியில்லை என்று ஒரு வரி கிடைத்தால் போதும், எங்கள் கதை முடிந்தது. அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கோபத்தில் யாருக்கு என்ன நினைவிருக்கும்?

இஸ்திரிக்காரர் எழுந்தார். "இந்த ஆளாலதான் எங்கக்காவுக்குக் கண்ணு போச்சு. மூணு நாள்ல ஆகவேண்டிய காரியத்துக்குத் தபால் போட்டாரு. இவர் வேணுமா வேணாமா, இன்னிக்கே கையைத் தூக்குங்க!" என்றார். ஹால் முழுக்க இரைச்சல். அதிகாரி ஃபைலைத் திறந்து பேனாவை எடுத்தார்.

நான் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது காஜாக்கா எழுந்தார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, குரல் வந்த திசையைப் பார்த்துப் பேசினார்.

"தம்பி, உட்காரு. அவர் மேல தப்பு இல்ல. டாக்டர் மூணு நாள்னு சொன்னது அதுக்கு முந்தின வாரம். நான்தான் பயந்துக்கிட்டு வீட்டுலயே இருந்துட்டேன். சங்கத்துக்கு வந்தப்பவே நேரம் தாண்டிடுச்சு. லேட்டா வந்தது நான். அவர் என்ன பண்ணுவாரு?"

ஹால் அப்படியே அடங்கியது. மகள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். இஸ்திரிக்காரர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கோபம் வடிந்து, குழப்பம் வந்திருந்தது.

"அப்படியா சார்?"

டாக்டர் சீட்டு என் ஃபைலில் இருந்தது. அவர் சங்கத்துக்கு வந்த அதே திங்கட்கிழமைத் தேதி. என் கையால் குத்திய ஊசியோடு. அதிகாரியும் என்னைப் பார்த்தார்.

"ஆமாம்" என்றேன்.

இஸ்திரிக்காரர் உட்கார்ந்துவிட்டார். போகும்போது என்னிடம் வந்து, "மன்னிச்சுக்குங்க சார், தெரியாம பேசிட்டேன்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் கலைந்த பிறகு வாசலில் ரிக்‌ஷாவுக்காக நின்ற காஜாக்காவிடம் போனேன். "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

"மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரல சார்" என்றார். "ராத்திரி பகல் தெரியாம உட்கார்ந்திருக்கும்போது உங்க மேல அவ்வளவு கோவம் வருது. உங்களுக்காகச் சொன்னேன்னு நெனச்சுக்காதீங்க. சங்கத்தை இழுத்து மூடிட்டா இவங்கல்லாம் எங்க போய் நிப்பாங்க? அதுக்குச் சொன்னேன். போங்க, போய் வேலையைப் பாருங்க."

நான் மாடியேறிப் போனேன். அச்சகம் பூட்டியிருந்ததால் மேசை நடுங்கவில்லை. தீர்மானப் புத்தகத்தை எடுத்து, "உறுப்பினர் தாமதமாக விண்ணப்பித்ததே காரணம் என்றும், செயலாளர் மீது தவறு ஏதுமில்லை என்றும் கூட்டம் ஏகமனதாக ஏற்றுக்கொண்டது" என்று தெளிவான எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.